கடல் கொண்டுபோன ரோடு

பூவாரிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி போய்விடலாம் என்றது வரைபடம். எல்லையோரக் கிராமங்கள் வேறு வழி காட்டின.

பொழியூரைத் தாண்டி, கேரளத்தின் கடைசிக் கடலோரத் தெருவில், காலை எட்டரை மணிக்கு ரோடு தீர்ந்துபோனது. கடித்த பிஸ்கட் போலத் தார் விளிம்பு உடைந்து தொங்கியது. கீழே கருங்கற்களின் மேல் ஜூன் மாத அலைகள் வந்து அறைந்துகொண்டிருந்தன. ஒரு மின்கம்பம் கடல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கைபேசியின் வரைபடத்தில் மட்டும் அந்த ரோடு எந்தக் குறையும் இல்லாமல் நீரோடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நேராகச் செல்லவும்" என்றது கைபேசியிலிருந்து ஒரு பெண் குரல். நேரே இருந்தது அரபிக்கடல்.

எங்கள் இருவரின் சைக்கிள்களையும் அவற்றில் கட்டியிருந்த பைகளையும் ஏற இறங்கப் பார்த்த ஓர் அம்மாள், இடுப்பில் இருந்த மீன் சருவத்தைக் கீழே இறக்கினார். "எங்க போறிய மக்களே? ரோட்டைக் கடல் கொண்டுபோச்சு. தெரியாதா?" என்றார். தெரியாது. அந்த நாளின் திட்டம் அந்த இடத்தில் முடிந்தது. அன்று உண்மையில் பார்த்தவை எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

திட்டம் எளிமையானதுதான். நெய்யாற்றின்கரையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். ஆற்றை ஒட்டிப் பூவார், அங்கிருந்து பொழியூர், நீரோடி, தூத்தூர், தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் என்று கடலை வலது கையில் வைத்துக்கொண்டே போய் இருட்டும் முன் கன்னியாகுமரியில் இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். மலை ஏற்றம் கிடையாது. காற்றும் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்தான். நாகர்கோவில்காரரான என் நண்பர் இதை "கிழவனும் ஓட்டலாம்" என்று வர்ணித்திருந்தார்.

சைக்கிள் பயணத்தில் இந்த வகைக்கு இப்போது 'பைக்பேக்கிங்' என்று பெயர். கேரியரில் பெரிய மூட்டை கட்டாமல், சைக்கிளின் சட்டத்துக்கு நடுவே ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று என்று சிறு சிறு பைகளில் மாற்றுத்துணி, பஞ்சர் சாமான், கொஞ்சம் சாப்பாடு, படுக்க ஒரு விரிப்பு ஆகியவற்றை அடக்கிக்கொண்டு கிளம்புவது. எடை குறைவு என்பதால் மண்பாதையிலும் ஒற்றையடிப் பாதையிலும் ஓட்ட முடியும். தேவைப்பட்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டும் ஏறலாம். அமெரிக்காவில் அலாஸ்காவின் பனித்தடங்களில் நடக்கும் நெடுந்தூரப் போட்டிகளில் வளர்ந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் இது. குமரிக் கடலோரத்தில் இதற்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. அலுமினியப் பாத்திரத்தில் ஐஸும் மீனுமாகப் பின்னால் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் துறையிலிருந்து உள்நாட்டுக் கிராமங்களுக்கு மிதித்த மீன் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைதான். மொபெட் வந்த பிறகுதான் அவர்கள் கூட்டம் குறைந்தது.

பூ வந்த ஆறு

முதல் இரண்டு மணி நேரம் எல்லாமே திட்டப்படி நடந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் பழைய பலாமரத்தின் எச்சம் காக்கப்பட்டு வருகிறது. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் நம்பிக்கை. ஒருவகையில் அதுவும் வழி மாறிய பயணத்தின் கதைதான். பூவாரின் பெயருக்கும் அந்த அரசரைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஒளிந்து திரிந்த நாட்களில் இந்தக் கரைக்கு வந்தவர், ஆற்றில் பூக்கள் மிதந்து வருவதைப் பார்த்து 'பூவாறு' என்று அழைத்தாராம்.

அகஸ்திய மலையில் பிறக்கும் நெய்யாறு சுமார் 56 கிலோமீட்டர் ஓடிவந்து பூவாரில் கடலைச் சேர்கிறது. சேர்கிறது என்பதைக்கூடச் சற்று ஜாக்கிரதையாகத்தான் சொல்ல வேண்டும். ஆறு கடலில் விழும் வாயை மலையாளத்திலும் குமரித் தமிழிலும் 'பொழி' என்கிறார்கள். மழை குறைந்த மாதங்களில் அலை கொண்டுவந்து போடும் மணல் இந்த வாயை மேடாக அடைத்துவிடும். மழை வந்து ஆறு பெருகி, உள்ளே தண்ணீர் ஏறி வீடுகளையும் வயல்களையும் தொடும்போது மணல்மேடு தானாக உடையும். உடையாவிட்டால் மண்வெட்டியோ இயந்திரமோ கொண்டு வெட்டிவிடுவார்கள். இதற்குப் 'பொழி முறித்தல்' என்று பெயர். பிப்ரவரியில் நடந்து கடந்த இடம் ஜூனில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டமாக இருக்கும். பொழியூர் என்ற ஊர்ப்பெயரிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

பூவாரில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டைப் பார்க்கப் படகு படகாகச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மிதக்கும் குடில்களும் விடுதிகளும் கரையை நிறைத்திருக்கின்றன. மழைக்காலம் என்பதால் அன்று கூட்டம் இல்லை. டீக்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். பாலத்தைக் கடந்து பொழியூர் சாலையைப் பிடித்தோம். வலது பக்கம் தென்னைக்கு நடுவே பழைய கால்வாய் ஒன்று கூடவே வந்தது. அப்போது அதை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்று வழிகள்

உடைந்த ரோட்டின் முன்னால் நின்றபோது எங்களுக்கு மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டே நீரோடி வரை போவது. வேலைக்குப் போகாமல் படகு நிழலில் உட்கார்ந்திருந்த மீனவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "கள்ளக்கடல் உள்ள நேரம் பிள்ளே, அந்தப் பக்கம் போகாண்டாம்" என்றார் ஒருவர்.

கள்ளக்கடல் என்பது இந்தக் கரையில் பிறந்த சொல். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் திருடன்போல் சத்தமில்லாமல் ஏறிவந்து கரையை விழுங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் எழும் புயல்கள் கிளப்பிவிட்ட நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறுவதே இதற்குக் காரணம். கேரள மீனவர்களின் இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 அன்று கேரளக் கடலோரத்தின் பல பகுதிகளில் கடல் ஊருக்குள் புகுந்தது இப்படித்தான். அதே ஆண்டு மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அன்றும் கடல் கொந்தளிப்பு பற்றிய எச்சரிக்கை அமலில் இருந்தது. மணல் யோசனையை அங்கேயே கைவிட்டோம்.

இரண்டாவது யோசனை, படகு. ஒரு வள்ளத்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அடுத்த துறையில் இறங்க முடியுமா? யாரும் கடலில் இறங்குவதாக இல்லை. இங்கே எல்லை கடலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடை ஜூன் 1இல் தொடங்கி 61 நாள் நீடிக்கும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள். தடையில் சேராத நாட்டுப்படகுகளும் அன்று கரையிலேயே கிடந்தன. கடலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் இரண்டாவது தடவை கேட்பது மரியாதை இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதல் விழிஞ்ஞம், பூந்துறை வரையிலான இந்தக் கரையின் இரு மாநிலத் துறைகளிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. புயலுக்கு மாநில எல்லை தெரியவில்லை. தேடுதல், நிவாரணம், இறப்புச் சான்று என்று எல்லாவற்றுக்கும் அலைந்த குடும்பங்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரிந்தது.

மூன்றாவது யோசனை, திரும்பிப் போய் உள்நாட்டு வழியாகச் சுற்றுவது. அதற்குள் அந்த அம்மாள் எங்கள் அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த ரோடு இருந்தபோது நீரோடிப் பக்கத்துத் துறைகளில் ஏலம் எடுத்து, நடந்தே திரும்பி வருவாராம். இப்போது உள்ளே போய், ரோடு மாறி, ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்து வர வேண்டும். மீன் விற்ற காசில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடுகிறது. வீடு? கையைக் கடல் பக்கம் நீட்டினார். அலை உடையும் இடத்தில் ஒரு கான்கிரீட் படிக்கட்டின் இரண்டு படிகள் தெரிந்தன. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார்.

அதற்கு மேல் எங்கள் 80 கிலோமீட்டர் பற்றிப் பேச எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

மணல் போன வழி

கடல் ஏன் இங்கே ரோட்டைத் தின்கிறது? துறையில் கேட்டால் பதில் உடனே வருகிறது. தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் 'தூண்டில் வளைவு' போட்டார்கள், இங்கே கரை போயிற்று என்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்தான் தூண்டில் வளைவு. கேரளத்தில் இதையே 'புலிமுட்டு' என்பார்கள். அதன் வேலை எளிது. கரையை ஒட்டி அலை சுமந்துகொண்டு போகும் மணலை அது ஒரு பக்கம் தடுத்துத் தேக்கும். அங்கே கரை வளரும். தடுக்கப்பட்ட மணல் போய்ச் சேர வேண்டிய மறுபக்கம் பட்டினி கிடக்கும். ஆகவே ஒரு கிராமம் தப்பிக்கக் கட்டும் சுவர், அடுத்த கிராமத்தையும் சுவர் கேட்க வைக்கிறது. அடுத்த கிராமம் வேறு மாநிலத்தில் இருந்தால், அந்தக் கோரிக்கை வேறு தலைமைச் செயலகத்துக்குப் போகிறது.

வடக்கே விழிஞ்ஞத்தில் எழுந்த பெரிய துறைமுகம் பற்றியும் இதே குற்றச்சாட்டு உண்டு. 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் அங்கே மறியல் நடத்தினார்கள். கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணம் இல்லை என்று அதன் தரப்பு மறுத்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வாதம் இன்னும் கரையேறவில்லை.

இவற்றுக்கு நடுவே கேரள அரசிடம் ஒரு பெரிய கனவு இருக்கிறது. பூவாரில் தொடங்கிக் காசர்கோடு மாவட்டத்தின் குஞ்சத்தூர் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடலோர நெடுஞ்சாலை அது. 14 மீட்டர் அகலம். அதில் இரண்டரை மீட்டர் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை. மலப்புரம் மாவட்டத்தில் சில பகுதிகள் போடப்பட்டும்விட்டன. சைக்கிள்காரன் காதுக்கு இதைவிட இனிய செய்தி கிடையாது. அந்தச் சாலையின் தெற்கு முனையில், ஏற்கெனவே இருந்த ரோட்டைக் கடல் எடுத்துக்கொண்ட இடத்தில் நின்று கேட்கும்போது அதே செய்தி வேறு மாதிரி ஒலிக்கிறது. புதுச் சாலைக்கு இடம் கொடுத்துவிட்டு எங்கே போவது என்பது வீடுகளின் கேள்வி. போட்ட சாலை எத்தனை மழைக்காலம் நிற்கும் என்பது கடலின் கேள்வி.

கால்வாய்க் கரையில்

நேராகத் திரும்பிப் போகாமல், காலையில் கண்டுகொள்ளாமல் விட்ட கால்வாயின் கரையைப் பிடித்துப் பார்க்கலாம் என்றார் நண்பர். அதுதான் ஏ.வி.எம். கால்வாய். அனந்த பத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவர் பெயரையும் சேர்த்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று பெயர் வைத்தார்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860இல் தொடங்கிய வேலை. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைத்துவிடுவது நோக்கம். உப்பும் தேங்காயும் கொப்பரையும் படகிலேயே போய்விடும், கடல் கொந்தளிப்பும் பாதிக்காது என்பது கணக்கு. அதாவது, கடலோரமாகவே, ஆனால் கடலைத் தொடாமல் கன்னியாகுமரி போவது. எங்கள் திட்டத்தை 160 ஆண்டுக்கு முன்பே ஒரு மகாராஜா போட்டிருக்கிறார்! நினைத்த முழு நீளத்துக்கு அது ஒருபோதும் முடியவில்லை. வெட்டிய பகுதியும் காலப்போக்கில் தூர்ந்தது, சுருங்கியது, ஆகாயத்தாமரைக்கு வீடானது.

எங்கள் கால்வாய்ப் பயணம் ஒரு கிலோமீட்டர் தாங்கியது. கரை குறுகி, ஒருவர் வீட்டுக் கொல்லையில், கட்டியிருந்த ஆட்டின் முன்னால் போய் முடிந்தது. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் சைக்கிளைச் சுவருக்கு மேல் தூக்கிக் கொடுத்து, உச்சக்கடைக்கு வழி சொன்னார். மகாராஜாவாலேயே முடியாததை நாம் ஏன் முடிக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

வழி மறிக்கப்படுவது நெடுந்தூரச் சைக்கிளின் ஆதிகாலத்திலிருந்தே உள்ள கதை. 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், ஆப்கானிஸ்தானுக்குள் பிடிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். கான்ஸ்டாண்டிநோபிள் வரை பின்வாங்கிக் கப்பலேறி, கராச்சி வழியாக இந்தியா வந்து, பெருவழிச் சாலையில் கல்கத்தா போனார். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய ஆறு பார்ஸி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர்தான் 1928 மார்ச்சில் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஓட்டிய தூரம் சுமார் 71,000 கிலோமீட்டர். அவர்களிடம் வழி சொல்லும் கைபேசி இல்லை. ஊருக்கு ஊர் மனிதர்களை நிறுத்திக் கேட்பது ஒன்றே வழி. அந்தப் பழைய முறைக்கு அன்று நாங்களும் திரும்பினோம்.

இரண்டு மொழிப் பஞ்சர்

உச்சக்கடைக்கு முன்னால் என் பின்சக்கரம் காற்றை விட்டது. செம்மண் சரிவுகள், ரப்பர், மரவள்ளி, மதில் மேல் பூத்த செம்பருத்தி என்று ரசித்துக்கொண்டே வந்ததில் கண்ணாடித் துண்டைக் கவனிக்கவில்லை. தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் "எவிடேன்னா?" என்று மலையாளத்தில் ஆரம்பித்து, நண்பரின் பேச்சைக் கேட்டதும் "நாரோயிலா? சரி, டியூபை எடுங்க அண்ணாச்சி" என்று தமிழுக்கு மாறினார். ஒரு வாக்கியத்தில் எழுவாய் ஒரு மொழி, பயனிலை இன்னொரு மொழி என்று இந்தப் பக்கம் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள்.

1956 நவம்பர் 1 அன்று இந்தப் பேச்சின் நடுவேதான் கோடு விழுந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் நெய்யாற்றின்கரையையும் கேட்டிருந்தது. அது கிடைக்கவில்லை. ஆகவே கொல்லங்கோட்டில் ஒரு துண்டு இந்தப் பக்கம், மறு துண்டு அந்தப் பக்கம். நெய்யாறு அணை கேரளத்தில், அதன் இடதுகரைக் கால்வாயை நம்பிய வயல்கள் விளவங்கோட்டில். 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது. தமிழ்நாடு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

கடைக்காரரின் மனைவிக்குத் தாய்வீடு களியக்காவிளைப் பக்கம். இங்கிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம். "2020 லாக்டவுண் சமயம் மாசக்கணக்கா அவளால அம்மையைப் போய்ப் பார்க்க ஒக்கல்ல" என்றார் பஞ்சர் ஒட்டிக்கொண்டே. ஊடுவழிகள் அடைக்கப்பட்டிருந்த அந்த நாட்களில்தான் பலருக்குத் தங்கள் ஊருக்கு நடுவே எல்லை இருப்பதே உறைத்ததாம். அதற்கு முன் அது ரேஷன் அரிசி கடத்துகிறவர்களுக்கும் பஸ் கண்டக்டர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, திருப்தியாகி, காசு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது கைபேசி வரைபடத்தை மூடச் சொல்லி, ஒரு பீடிக்கட்டுத் தாளின் பின்பக்கம் வழி வரைந்து கொடுத்தார். பாறசாலை, களியக்காவிளை, அங்கிருந்து தெற்கே முஞ்சிறை. கோட்டுக்குப் பக்கத்தில் "நல்ல எறக்கம்" என்றும் எழுதியிருந்தார்.

சாலை என்ற சொல்

பாறசாலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கத்து உலகமே மாறிவிட்ட இடம் ஒன்று குறுக்கிட்டது. கழக்கூட்டத்திலிருந்து திருவனந்தபுரத்தைச் சுற்றிக்கொண்டு எல்லையோரக் காரோட்டுக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 66இன் புறவழி அது. முக்கோலாவிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர் முழுக்கக் கான்கிரீட். கேரளத் தேசிய நெடுஞ்சாலையில் முதன்முதலாகக் கான்கிரீட் போட்ட பகுதி இது. கடலோரத்தில் ஒரு தெரு அகல ரோட்டைக் காப்பாற்ற முடியவில்லை. சில கிலோமீட்டர் உள்ளே நான்கு வழியில் லாரிகள் பறக்கின்றன. நெடுஞ்சாலையைக் கடந்து மறுபடி சின்ன ரோட்டுக்குள் இறங்கினோம்.

பாறசாலையில் மழை பிடித்தது. 1979இல் ஓடத் தொடங்கிய திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசிப் பெரிய நிலையம் இது. "சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு நாகர்கோவில் போய்விடலாம் மக்கா" என்றார் நண்பர். கிழவனும் ஓட்டலாம் என்ற ஆள்! கால் மணி நேரம் நானும் அதைத்தான் யோசித்தேன். மழை சற்று விட்டது. பீடிக்கட்டுத் தாள் சட்டைப்பையில் இருந்தது. ஒருவர் சிரமப்பட்டு வரைந்து கொடுத்த வழியில் போகாமல் இருக்க மனம் வரவில்லை.

இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளையில் எல்லையைக் கடந்தோம். கடைப் பலகைகளில் மேலே இருந்த எழுத்து கீழே போய், கீழே இருந்தது மேலே வந்தது. டீயின் சுவை மாறவில்லை. அங்கிருந்து கிளைச் சாலைகளில் தெற்கே இறங்கி, ஒரு குளத்தைச் சுற்றி, ஒரு பள்ளிக்கூட வாசலில் வழி கேட்டு, மாலை நாலரை மணிக்கு நாங்கள் வந்து சேர்ந்த இடம் எந்தத் திட்டத்திலும் இருக்கவில்லை. முஞ்சிறைக்குப் பக்கத்துப் பார்த்திவபுரம்.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இந்த இடத்தைப் பெற்று, விஷ்ணு கோயில் எடுத்து, அதோடு ஒரு 'சாலை'யும் நிறுவினான். கி.பி. 866. 95 மாணவர்கள் தங்கிப் படிக்கவும் உண்ணவும் ஏற்பாடு. காந்தளூர்ச் சாலையின் முறையில் இது அமைய வேண்டும் என்று செப்பேடு சொல்கிறது. யார் யாருக்கு எத்தனை இடம், தவறு செய்தால் என்ன அபராதம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் 'சாலை' என்றால் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம். நமக்கு அது நடந்து போகும் வழி மட்டும். பாறசாலையின் பெயரில் ஒட்டியிருக்கும் சாலை இதில் எந்த வகை என்று பேசிக்கொண்டே கோயில் வாசலில் ஈரத்துணியைப் பிழிந்தோம். கன்னியாகுமரி கிடைக்காத வருத்தம் எப்போது போனது என்று தெரியவில்லை.

பக்கத்தில்தான் புதுக்கடை. 1954 ஆகஸ்ட் 11 அன்று, இந்த மண் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மார்த்தாண்டத்திலும் இங்கேயும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். காலையில் நாங்கள் மூன்று மணி நேரத்தில் கடந்த கோடு எத்தனை விலை கொடுத்து வரையப்பட்டது என்பது அந்தச் சந்தையைக் கடக்கும்போது நினைவுக்கு வந்தது.

இரவு மார்த்தாண்டத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். மீட்டரில் 50 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூவாருக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவே கடலோர ரோட்டை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். எந்த மாதமானாலும் பொழியின் மணலில் சைக்கிளை இறக்கும் முன் துறையில் கேளுங்கள். புறப்படும் முன் ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். உள்நாட்டு மாற்றுவழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ரயில் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வழி மாறினால் நாளை சுருக்கிவிடுங்கள். இருட்டில் விட்ட தூரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

மறுநாள் காலை தேங்காப்பட்டணத்துக்கு இறங்கிக் கடலைப் பிடித்தோம். துறையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சருவத்தோடு காத்திருந்த பெண்களில் எங்கள் அம்மாள் இருக்கிறாரா என்று கண் தானாகத் தேடியது. இருக்க வாய்ப்பில்லை. அவருடைய வழியில் இந்தத் துறை வெகுதூரம். எங்களுக்கு மாறிய வழி ஒரே நாளில் முடிந்துவிட்டது. அவர் அன்றும், ரோடு திரும்பி வரும் வரை ஒவ்வொரு நாளும், அந்தச் சுற்றுவழியில்தான் மீன் சுமந்துகொண்டிருப்பார்.